பழைய சொற்களுக்கு அம்மா சொன்ன சரி

அமெரிக்காவில் மேல்படிப்புப் படிக்க ஒரு தேர்வு எழுத வேண்டும். தஞ்சாவூரில் என்னோடு என்ஜினீயரிங் படித்தவர்களில் பாதிப் பேர் அதை எழுதி விமானம் ஏறிவிட்டார்கள். நான் திருக்காட்டுப்பள்ளி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வெள்ளைக்காரனே மறந்துபோன இங்கிலீஷ் வார்த்தைகளை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். சென்னையில் தேர்வுக்கு இன்னும் நான்கு நாள். சோறு இறங்கவில்லை.

என்னை அதிகம் படுத்தியெடுத்தவை, ஒன்றை உண்டாக்குவதைச் சொல்லும் பழைய வார்த்தைகள். பிகெட், எஞ்சென்டர், ரீக், ராட், எஃபெக்சுவேட் என்று ஒரு பட்டாளம். அகராதியில் பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பிகள். கேள்வித்தாளில் ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டால் போச்சு. பிகெட் என்றால் பிள்ளை பெறுவது, அதுவும் பெரும்பாலும் அப்பன் கணக்கில். பத்து மாதம் சுமந்தவளுக்கு அதில் இடமில்லை என்று எனக்கு அதன்மேல் தனிக் கோபம். எஞ்சென்டர், சந்தேகம் பகை போல மனசுக்குள் முளைப்பவற்றுக்கு. ரீக், நாசம் விளைவிக்க மட்டும். ராட், பாடுபட்டு உருவாக்கியது. எஃபெக்சுவேட், நினைத்ததை நடத்தி முடிப்பது. குறுவைக்கும் சம்பாவுக்கும் என்ன வித்தியாசம் என்று அப்பாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எனக்கு இந்த ஐந்தும் பட்டப்பகலிலேயே குழம்பின.

சார்ட் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பக்கம் வார்த்தையும் மறுபக்கம் தமிழில் பொருளும் எழுதி வைத்திருந்தேன். கேட்கும் வேலை அம்மாவுக்கு. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, தெரியவும் வேண்டாம். இங்கிலீஷ் பக்கத்தை எனக்குக் காட்டுவாள். நான் பொருள் சொன்னதும் தன் பக்கத்துத் தமிழைப் பார்த்து சரி என்றோ தப்பு என்றோ சொல்வாள். முதல் வாரம் தப்பு நிறைய வந்தது. போகப் போகக் குறைந்து, கடைசியில் எல்லாமே சரி. பரவாயில்லை, தேறிவிட்டோம் என்று எனக்கும் ஒரு மிதப்பு வந்திருந்தது.

அன்று காலை அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ரீக் அட்டையைக் காட்டினாள். அவசரத்தில், "நன்மை உண்டாக்கு" என்றேன்.

"சரி."

அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனதும் ஏதோ உறுத்தி அந்த அட்டையைத் திருப்பினேன். 'கேடு விளைவி' என்று என் கையெழுத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. பகீரென்றது. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லையோ, கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று நல்லவிதமாகத்தான் நினைக்கப் பார்த்தேன். அவள் திரும்பி வந்து பிகெட்டைக் காட்டினாள்.

"தூங்கு" என்றேன்.

அம்மா அட்டையைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

"அம்மா, அதுல என்ன எழுதியிருக்கு? படி."

அவள் படிக்கவில்லை. கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா இப்படிச் சொல்லிட்டிருக்க?"

"பத்து நாளா."

பத்து நாள் படிப்பில் எது சரி, எது பொய் என்று இனி எப்படிப் பிரிப்பேன்? ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். பெற்ற தாயே குழி பறிப்பாளா என்றுகூடக் கேட்டேன். இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் கூசுகிறது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உங்க அண்ணனும் ரெண்டே வருஷம்னுதான் சொல்லிட்டு சிங்கப்பூர் போனான். ஆறு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கெழமையானா போன்ல குரல் கேக்குது, அவ்வளவுதான். நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் யாருகிட்டடி பேசுவேன்? உங்கப்பாவுக்கு வயக்காட்டோடதான் பேச்சு. நீ பரீட்சையில தோத்துட்டா இங்கயே இருந்துடுவன்னு நெனச்சேன். தப்புதான்."

கோபம் இறங்க மறுத்தது, பயம் அதைவிட மோசமாக இருந்தது. நான்கு நாளில் அத்தனை அட்டையையும் மறுபடி பார்க்க முடியுமா என்றுதான் அந்த நேரத்திலும் மனசு கணக்குப் போட்டது.

அம்மா கீரைத் தட்டை ஒதுக்கிவிட்டுக் கையை உதறினாள். சிதறிய அட்டைகளை எல்லாம் பொறுக்கி அடுக்கி, மேலே இருந்ததை என் பக்கம் தூக்கிப் பிடித்தாள். எஞ்சென்டர்.

"நடத்தி முடி" என்றேன்.

அட்டையை இரண்டு தடவை பார்த்தாள்.

"தப்பு" என்றாள்.

நான் போகவில்லை அம்மா என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்ததைக் காட்டு என்றேன்.