றோட்டுப் பக்கம் ஒரு யன்னல்

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டி முடித்தால்தான் கல்யாணம். என் கல்யாணமும் குருக்கள்மடம் என்ற ஊரில் கூரை ஏறாமல் நிற்கிறது.

வேலை விட்டு வரும்போதெல்லாம் பஸ்ஸுக்கு வெளியே தலையை நீட்டி அந்த வீட்டைப் பார்ப்பேன். இன்று பார்த்தால், முன்சுவரை மேசன் அலவாங்கால் இடித்துக்கொண்டிருக்கிறார்!

சம்பந்தமே முறிந்துவிட்டதோ? மணியை அடித்து, இறங்கி ஓடினேன்.

“என்ன மாமா, கட்டின சுவரை உடைக்கிறீங்க?”

பெண்ணின் தகப்பன் சிரிக்கவே இல்லை.

“மருமகன், மகள்தான் றோட்டுப் பக்கம் யன்னல் வேணுமெண்டு ஒத்தக்கால்ல நிக்கிறாள். நாலரை பஸ்ஸில ஆரோ ஒருத்தர் ஒவ்வொரு நாளும் எட்டிப் பாக்கிறாராம். அவரைப் பாக்கணுமாம். வீடு முடிய இனி இன்னுமொரு மாதம் போகும்.”

நாளைக்கு நான் பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார? நீங்களே சொல்லுங்கள்.