ஐந்து நாள் தொங்கிய பலகை

அது ஒரு சிறிய தகரப் பலகை. கட்டிலின் கால்மாட்டில் கம்பி போட்டு மாட்டியிருந்தார்கள். சிவப்புப் பெயிண்டில் ஒரே வரி: "வாய்வழி எதுவும் தரக்கூடாது." அறுபதுகளின் நடுவில், பொன்னேரி வட்டாரத்து மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டில் அதைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "இன்னா எழுதிக்கீது, படி நைனா" என்றாள் அம்மா. படித்தேன்.

தங்கைக்கு இரண்டு வயது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் தூக்கி வந்திருந்தோம். முதல் நாள் பலகையை மாட்டியதில் தவறில்லை. கையில் குளுக்கோஸ் ஏறியது. மறுநாள் மாலையே வாந்தி நின்றுவிட்டது. அப்போதே பலகையைக் கழற்றியிருக்க வேண்டும். ஆனால் அந்த வார்டில் ஒரு நடைமுறை உண்டு: மாட்டிய டாக்டர்தான் கழற்ற வேண்டும், நர்ஸ் தொடக்கூடாது. டாக்டர் தினமும் காலையில் வந்தார், நாடி பிடித்தார், பாட்டிலைப் பார்த்தார், போனார். பலகை அவர் முழங்காலுக்கு நேரே தொங்கியது.

மூன்றாம் நாள் அம்மா நொய்க்கஞ்சி காய்ச்சித் தூக்கில் கொண்டு வந்தாள். நர்ஸ் அதை வாங்கித் தொட்டியில் ஊற்றினாள். "போர்டு கண்ணுக்குத் தெர்ல? டாக்டர் சொல்லாம ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா எனக்குத்தாம்மா பேஜாரு." பக்கத்துக் கட்டில் பிள்ளை பன் தின்றது. தங்கை அந்த பன்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அழுவதற்கு வலு இல்லை. எழுத்து மாறியிருக்கும் என்று நம்பி, அம்மா ஒவ்வொரு காலையும் என்னைப் படிக்கச் சொன்னாள். ஒவ்வொரு காலையும் நான் அதே வரியைப் படித்தேன்.

ஆறாம் நாள் விடியும்போது தங்கை உயிரோடு இல்லை. டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு, கூட வந்திருந்த அத்தை காதுபடக் கேட்டார்: "எலும்பும் தோலுமா இருக்குது. வீட்டுல சோறு போடாம பட்டினியா போட்டீங்க?" அந்தக் கேள்வி எங்கள் தெருவுக்கு வந்து தங்கிவிட்டது. அப்பாவின் அக்காவான அத்தை அதற்குப் பிறகு அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "பட்டினி போட்டவ வர்றா பாரு" என்பாள். காதுகுத்து வீட்டில் அம்மா கை நீட்டினால் பிள்ளையை உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள்.

நான் செய்தியாளன் ஆன பிறகு, வேறு ஊரில் ஒரு குழந்தை மருத்துவரிடம், யாருக்கு நடந்தது என்று சொல்லாமல் விவரம் கேட்டேன். நோயோடு போராடும் உடலுக்கு வழக்கத்தைவிட அதிகச் சத்து தேவைப்படும் என்றார். உள்ளே எதுவும் வராவிட்டால் அது தன் தசையையே எடுத்து எரிக்கும். ஏற்கெனவே மெலிந்த குழந்தையிடம் சேமிப்பு கிடையாது. கை கால் சதைக்குப் பின் மூச்சிழுக்கும் தசை போகும், இதயத்தின் தசையும் கரையும். குளுக்கோஸ் நீர் சோற்றுக்கு ஈடாகாது. எல்லாவற்றையும் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். பலகை மாட்டிய அந்த டாக்டரை விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில், ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஊட்டச்சத்துக் கூட்டம் நடந்தது. அம்மா அங்கே பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தாள். பேச வருபவர் அதே டாக்டர் என்று தெரிந்து, அதைச் செய்தியாக எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கியிருந்தேன். இப்போது அவர் பெரிய பதவியில் இருந்தார். நோய் வந்த குழந்தையைப் பட்டினி போடுவது இந்தப் பகுதித் தாய்மார்களின் அறியாமை என்றார். அம்மா ஈரக் கையோடு முன்னால் வந்தாள்.

"இன்னா சார், பலகைய மாட்னது நீ. கழட்டாத வுட்டது நீ. பட்டினி போட்டது நானா?"

யாரோ சிரித்தார்கள். "சிரிக்காத," என்றாள் அவர்கள் பக்கம் திரும்பி. "அஞ்சு நாளு. எம்புள்ள படிச்சிக் காட்னான்."

அவர் பேச்சையும் அவள் கேள்வியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அச்சில் வந்தது. நான்காம் நாள் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தண்ணீர் கொண்டு வரவில்லை. இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுவதாகவும், ஒரு மறுப்பு போட்டால் போதும் என்றும் சொன்னார்.

"பலகையை யார் சார் கழட்டினது?" என்று கேட்டேன்.

"நான்தான். குழந்தை போன அன்னைக்குக் காலையில. உங்கப்பாகிட்ட பேசுறதுக்கு முன்னாடி."

தன் பலகைதான் காரணம் என்று தெரிந்தேதான் அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். காகிதத்தை நீட்டினேன், சொன்னதை எழுதித் தரச் சொன்னேன். "எழுதிக் குடுத்தா விட்டுடுவியா?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அது எழுத்து மாறாமல் வெளிவந்தது. பிரிவுபசார விழாவுக்கு யாரும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமில்லை. இன்று அவசரப் பிரிவில் கிடக்கும் குழந்தைக்கு மூக்குக் குழாய் வழியாகவாவது பால் போகிறது. அதைப் பார்க்கும்போதும் எனக்கு நிம்மதி வருவதில்லை, அவர் மேல் ஆத்திரம்தான் வருகிறது.

அந்த ஞாயிறு அம்மா பத்திரிகையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னை அத்தை வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நான் நின்றபடியே படித்தேன். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "தெரியாத சொல்ட்டேன்டி, வுடு" என்றாள்.

அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற தெருவை, வீடு வீடாகப் பார்த்தாள்.

"இன்னொரு தபா," என்றாள் என்னிடம். "சத்தமா."