பாட்டில் பெயருக்கு விட்ட இடம்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து உதறினேன். அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. எனக்கு அந்த வாசனை வந்தால் தொண்டையில் பாட்டு வரும். சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் அந்துருண்டை வாசனைக்கு நடுவில் நின்று பாடித்தான் நான் பிழைத்தேன்.

அப்போது நாங்கள் திருப்பதிப் பக்கம் நாராயணவனத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பாட்டுக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர். ஊர் ஊராகச் சுற்றி அலுத்துப்போய், பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் மைக் ஒன்றும் வாங்கி வீட்டுக்குள்ளேயே ஸ்டுடியோ போட்டார். ஸ்டுடியோ என்றதும் கண்ணாடித் தடுப்பு, பஞ்சு வைத்த சுவர் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். எங்கள் படுக்கையறைதான் அது. ஜன்னலை மெத்தையால் அடைத்து, கல்யாணத்துக்கு வந்த கனத்த பஞ்சுப் போர்வைகளை, ரஜாய்களைச் சுவரெல்லாம் தொங்கவிட்டார். பூச்சி அரிக்காமலிருக்க என் மாமியார் மடிப்புக்கு மடிப்பு அந்துருண்டை போட்டுவைத்தார். சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேன் போடக்கூடாது. மே மாத வெயிலில், ஃபேன் இல்லாத அறையில், ரஜாய்களுக்கு நடுவில் நின்று, குரலில் சிரிப்போடு பிறந்தநாள் வாழ்த்துப் பாடிப் பாருங்கள். என் அருமை தெரியும்.

நாங்கள் விற்றது பெயர்ப் பாட்டு. பிறந்தநாள் பாட்டு ஒன்றை இவர் மெட்டுப் போட்டு, என்னைப் பாடவைத்து, ஒரு தரம் பதிவு செய்து வைத்துக்கொண்டார். அதில் பெயர் வருகிற இடம் மட்டும் வெறும் இசையாக இருக்கும். யாராவது கேட்டால் அவர்கள் பிள்ளையின் பெயரை மட்டும் நான் பாடித் தர, இவர் அதை அந்த இடத்தில் பொருத்தி போனில் அனுப்பிவிடுவார். பாட்டுக்குள் மூன்று இடம். கடைசியில் இன்னொன்று. பாட்டெல்லாம் ஓய்ந்து புல்லாங்குழல் மட்டும் போய்க்கொண்டிருக்கும்போது, சமையலறையிலிருந்து குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி, மெல்ல ஒரே ஒரு தரம் பெயர் வரும். அது இவருடைய யோசனை. அந்த இடத்தில்தான் அம்மாக்களெல்லாம் அழுகிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

நான் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம், வளர்ந்தது தமிழ் வீடு. அதனால் ரெண்டு பக்கத்துப் பெயரும் என் வாயில் நிற்கும். நிற்காத பெயரும் வரும். நகரியிலிருந்து ஒரு பெண் போனில் பேசிப் பதிந்து அனுப்பினாள்: "அக்கா, பையன் பேரு வெங்கட சாய் நாக தீரஜ். முழுசா வரணும் அக்கா. எங்க மாமனார் பேரு அதுல கீது."

இவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இது பேரா, பஸ்ஸு போர்டா?"

அதையும் பாடினேன். மூச்சுவிட மட்டும் இடம் இல்லை.

வீட்டுக்குப் பக்கத்துப் பெருமாள் கோவிலில் கல்யாணங்கள் ஓயாமல் நடக்கும். முகூர்த்த நாளென்றால் மேளச் சத்தம் மெத்தையைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும், அன்றைக்கு எங்களுக்கு விடுமுறை. மற்ற நாளில் மத்தியானம்தான் வேலை. மாமியார் குக்கரை ஏற்றாமல் அறைக்கு வெளியே காத்திருப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பாடிக்கினே கீறியா? நான் எப்ப பருப்பு வைக்கறது, எப்ப துன்றது?" என்பார். அதுவும் பதிவாகும். இவர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

சந்தோஷமாகத்தான் இருந்தோம். இன்றைக்குச் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் பாடியவளாயிற்றே, என் பிள்ளைக்கு எவ்வளவு யோசித்திருப்பேன்! பெண் பிள்ளைக்கு ஒரு பெயர் எடுத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இவருக்குப் பொறுக்கவில்லை.

"பேரை இப்பவே பாடி வச்சிடுமே. அப்பறம் கைக்கொழந்தைய வச்சிக்கினு உனக்கு எங்க டைம் இருக்கப் போவுது?"

மாமியார் வாசலிலிருந்தே தடுத்தார். "தொட்டில்ல போடற வரைக்கும் பேரு வாய்ல வரக்கூடாது. பேசாம இரு."

எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு யார் சோதித்துப் பார்ப்பார்கள்? கொஞ்சம் கிராக்கி பண்ணிக்கொள்ளவும் ஆசையாக இருந்தது. "தொட்டில் போடற அன்னிக்கு மைக் முன்னால சொல்றேன். அப்ப கேட்டுக்கோங்க" என்றேன். அவர் பாட்டைப் புதிதாக ஒரு பிரதி எடுத்து, நாலு இடத்தையும் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பெண்தான் பிறந்தாள். மாசம் நிறையாமல் பிறந்தாள். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கையில் பட்டை கட்டினார்கள். அந்தச் சின்னக் கைக்கு அந்தப் பட்டை ரெண்டு சுற்று வந்தது. அதில் என் பெயரை எழுதி, முன்னால் 'பேபி ஆஃப்' என்று போட்டிருந்தார்கள். பெயர் வைக்காத பிள்ளைகளுக்கு அப்படித்தான் போடுவார்களாம். நர்ஸ் கூப்பிடும்போதெல்லாம் என் பெயர்தான் வரும், நான் எழுந்து ஓடுவேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று "பாப்பா, பாப்பா" என்றேன். தொட்டில் போடுகிற நாள் வருவதற்குள் போய்விட்டாள். மண் போடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழ வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

துக்கத்துக்கு லீவு உண்டு, போனுக்குக் கிடையாது. அக்கா, பொண்ணுக்கு மொத பர்த்டே. அக்கா, ரெட்டைப் புள்ளைங்க, ரெண்டு பேரும் வரணும். தினமும் வந்துகொண்டே இருந்தது. எங்கள் சாப்பாடே ஊரார் பிள்ளைகளின் பிறந்தநாளில் இருந்தது. ஒரு நாள் மைக் முன்னால் போய் நின்றேன். ஏதோ ஒரு பையனின் பெயர், சாதாரணப் பெயர். இசை வந்தது, பெயருக்கான இடம் வந்தது, என் வாய் திறந்தது. குரல் வரவில்லை. இவர் மறுபடி போட்டார். மறுபடியும் வரவில்லை. அந்தப் பையன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முகம் தெரியாத குழந்தை, பாவம், அது என்ன செய்தது?

அப்புறம் இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நான் முன்பு பாடிய பெயர்களெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றை வெட்டி ஒட்ட ஆரம்பித்தார். லோகித்திலிருந்து ஒரு 'லோ', முகேஷிலிருந்து ஒரு 'கேஷ்', லோகேஷ் தயார். வாங்கியவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் கட்டிலில் சுருண்டு படுத்திருப்பேன். அதே அறையில் என் குரல் துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு மத்தியானம் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார். "நீ பாட வேணாம். பேரு இன்னான்னு மட்டும் சொல்லு. நான் ஒட்டிக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெண்ணுக்கு ஊரார் பிள்ளைகளின் பெயரிலிருந்து பிய்த்தெடுத்து ஒரு பெயரா? "வேணாம்" என்றேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவர் அதற்கப்புறம் கேட்கவே இல்லை. கொஞ்ச நாளில் மைக்கை விற்றார். ரஜாய்களைக் கழற்றி மடித்தார். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது, சத்தியவேட்டுக்கு வந்துவிட்டோம். கம்பெனி பஸ் வாசலுக்கே வருகிறது. குறை ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பெயர் மட்டும் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பிறந்தநாளை விட்டுவிட்டு எங்கெங்கோ போய்விட்டேன். எதிர் வீட்டு சுகன்யா ஆரணிப் பக்கத்துக்காரி, அவளும் ஸ்ரீ சிட்டியில்தான் வேலை செய்கிறாள். ஹாலெல்லாம் பலூன். பெண் தன்விகாவுக்கு கிரீடம் வைத்திருந்தாள். "அக்கா, பாட்டக் கேளுங்க. போன்ல பேர அடிச்சா அதுவே பாடுது, காசே இல்ல" என்று சொல்லிப் பாட்டைப் போட்டாள்.

புல்லாங்குழல் கேட்டதுமே இவர் கையிலிருந்த தட்டில் மிக்சர் சரிந்தது. அடுத்து நான் பாடினேன். அதாவது, அந்தக் காலத்து நான். மாதிரிக்காக இவர் எப்போதோ பெயர் இல்லாமல் இன்டர்நெட்டில் போட்ட பாட்டு, யார் யார் கையோ மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பெயருக்கு விட்ட இடத்தில் ஒரு மிஷின் குரல், கணக்கு வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பதுபோல, "தன்விகா" என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பாடியது நான்தானென்று சுகன்யாவிடம் சொன்னால் நம்புவாளா?

மூன்று இடத்திலும் மிஷின் கூப்பிட்டது. பாட்டு ஓய்ந்தது. புல்லாங்குழல் மட்டும் போனது. கடைசியில் இன்னொரு இடம் உண்டென்று அந்த மிஷினுக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கே வெறும் இசை. எனக்குத் தெரியும், அது எவ்வளவு நீளமென்று என் மூச்சுக்குத் தெரியும். கேக் வெட்டுகிற கூச்சலில், உடைந்துபோன என் இந்தக் குரலில், அந்த இடத்தில் என் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வாயை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

இவர் திரும்பிப் பார்த்தார்.

"இதானா?"

"ம்."

தட்டின் விளிம்பில் விரலால் தாளம் தட்டி அந்த இடத்தை அளந்து பார்த்தார். "கரெக்டா ஒக்காருதுமே" என்றார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தட்டை வாங்கி வைத்துவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

"இன்னொரு வாட்டி சொல்றியா?" என்று வாசலிலேயே கேட்டார். முயன்று பார்த்தேன், வரவில்லை. இங்கே எழுதவும் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். மாமியார் இப்போது உயிரோடு இல்லை. கம்ப்யூட்டர் எப்போதோ அணைந்துபோனது. நாராயணவனத்து அறையில் இப்போது யாரோ புடவை மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். நான் பாடிய பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்கள் பெயர் யார் யார் போனிலோ என் நல்ல குரலில் இருக்கும். என் பெண்ணின் பெயர் சுகன்யா வீட்டு ஹாலில் ஒரே ஒரு தரம், கைதட்டலுக்கு நடுவில் கேட்டது. அதை யாரும் பதிவு செய்யவில்லை.