கிடங்கு அக்காவும் அடைத்த வழியும்

அலுவலகத்தில் அவளைக் கிடங்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புரோகிராமர்கள் எழுதிய மென்பொருள் பேக்கேஜ்களை வெளியார் கண்ணில் படாமல் சேர்த்துவைத்து, உள்ளே கேட்பவர்களுக்கு எடுத்துக்கொடுக்கும் சர்வர் ஒன்று அங்கே உண்டு. ஏழு வருடமாக ஒற்றை ஆளாக அதைப் பார்த்துக்கொள்பவள் அவள். அது ஓடும்வரை அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நின்றுவிட்டால் முதல் விரல் அவள் பக்கம்தான் நீளும்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இரண்டாம் மாடி முழுக்க ஒவ்வொரு திரையிலும் 'இணைப்பு கிடைக்கவில்லை' என்று சிவப்பெழுத்து. அதற்குள் மேனேஜர் எல்லாருக்கும் மெயில் போட்டிருந்தார்: 'கிடங்கு சர்வரில் கோளாறு. பொறுப்பாளர் உடனே கவனிக்கவும்.'

எதையும் பார்க்காமலே எப்படி எழுதினார்? அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கினாள். சர்வர் அறையில் நேராக வயரைச் சொருகிக் கேட்டதும் பேக்கேஜ் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. மாடிக்கு ஏறி அதையே கேட்டாள். அரை நிமிடம் காக்கவைத்துக் கைவிரித்தது. கடவுச்சொல்லில் தவறில்லை, கீழே வேலை செய்த அதே சொல்தான். சர்வரின் பதிவுகளைப் பார்த்தாள். மாடியிலிருந்து யாரும் கேட்டதற்கான சுவடே இல்லை. அப்படியென்றால் தடை நடுவழியில்தான். மூன்று முறை ஏறி இறங்கியதில் முட்டி விண்விண்ணென்று தெறித்தது.

அவள் போய் நின்றபோது நெட்வொர்க் பிரிவுத் தலைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நாங்க எதுலயும் கைய வைக்கலம்மா. உங்க சர்வர் படுத்திருக்கும், எழுப்பி விடுங்க."

"அது முழிச்சுக்கிட்டுதான் சார் இருக்கு. வாசலுக்கே வராதவங்களுக்கு நான் எப்படி கதவ தொறக்குறது? ஃபயர்வால்ல என்ன மாத்துனீங்கன்னு ஒரு தடவ காட்டுங்க."

எந்த இணைப்பை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று தீர்மானிக்கும் அந்தக் காவல் மென்பொருளின் பதிவை முனகிக்கொண்டே திறந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து ஐம்பதுக்கு, மாடியிலிருந்து கிடங்குக்குப் போகும் வழி அடைக்கப்பட்டிருந்தது. அடைத்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயரே இருந்தது.

"ஓ, அதுவா. அது பாதுகாப்புக்காகப் பண்ணது."

பதினொன்றரைக்கு வழி திறந்தது. பன்னிரண்டுக்கு மேனேஜரின் அடுத்த மெயில்: 'கிடங்கு சர்வர் கோளாறு சரிசெய்யப்பட்டது. விரைந்து உதவிய நெட்வொர்க் பிரிவுக்கு நன்றி.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு நடந்ததை மூன்றே வரியில் எழுதி, ஃபயர்வால் பதிவின் படத்தையும் சேர்த்து, எல்லாருக்கும் அனுப்பினாள்.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். "என்னம்மா இது, என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாமே. அவர் சீனியர். மானம் போச்சுங்குறாரு."

"தப்பு என்னோடதுன்னு மட்டும் எல்லாருக்கும் போட்டீங்க. எனக்கு மானம் இல்லையா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஒரு சுற்றறிக்கை மட்டும் வந்தது: ஃபயர்வாலில் எதை மாற்றினாலும் முந்தின நாளே கிடங்குப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அன்று மாலை துணி மடித்துக்கொண்டே அவள் அதைச் சொன்னபோது கணவர், "அதான் ஜெயிச்சுட்டியே, இன்னும் ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?" என்றார்.

"அந்த நன்றி மெயில இன்னும் வாபஸ் வாங்கலயே."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.