நாற்பத்தேழா, நாற்பத்தெட்டா

"அக்கா, உடைஞ்ச சக்கரத்துல பல்லு எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க" என்று கோவை மெக்கானிக் போனில் கேட்டதும் எனக்கு அப்பாவின் தச்சுப் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது.

ராசிபுரத்தில் அவரிடம் இருந்ததும் இப்போது என்னிடம் இருப்பதைப் போன்ற கடைசல் மிஷின்தான். மரத்தில் கயிறு முறுக்கியதுபோல வேலைப்பாடு போடும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு கல்யாணக் கட்டிலுக்கு மூன்று கால் முடித்த சமயம் அதன் பல்சக்கரம் உடைந்துவிட்டது. புதுச் சக்கரத்தில் ஒரு பல் மாறினாலும் நாலாவது காலின் முறுக்கு மற்றதோடு சேராது.

அம்மா எண்ணும் விதம் தனி. சக்கரத்தைப் படுக்கப்போட்டு, பல்லுக்கொரு புளியங்கொட்டை வைத்தாள். அடுப்பில் பால் பொங்க, எழுந்து போனாள். திரும்பி வந்து கொட்டைகளை அள்ளி எண்ணினாள்.

"நாப்பத்தேழுங்க."

புதுச் சக்கரம் செய்யும் கோவைப் பட்டறைக்குச் சொல்ல அப்பா டெலிபோன் பூத்துக்குக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்குப் பகீரென்றது. அம்மா எழுந்து போன நேரத்தில், பல்லாங்குழிக்குக் குறைகிறதென்று ஒரு கொட்டையை நான் எடுத்திருந்தேன். செருப்பில்லாமல் ஓடினேன். பூத்துக்குள் அப்பா பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் படபடவென்று தட்டினேன்.

"ஒண்ணு நான் எடுத்துட்டனுங்கப்பா!"

அப்பா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணுதானா சாமி? நல்லா யோசிச்சுச் சொல்லு."

எடுத்தது ஒன்றுதான். ஆனால் அவர் கேட்ட கேட்பில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"தெரியலைங்கப்பா" என்று அழுதேன்.

"செத்த இருங்க, மறுபடி கூப்பிடறேன்" என்று போனை வைத்தார். திட்டுவாரென்று நின்றேன்.

"வா, எண்ணலாம்" என்றார்.