எண் தெரியாத துப்பாக்கி

வெர்னா ஸ்டோர்டாலிடம் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி. மொன்டானாவில் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவர் என்றால் வீட்டில் இருபது துப்பாக்கி தொங்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தொங்குகிற வீடுகளும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. வெர்னாவுக்கு ஒன்று போதும். நானூறு செம்மறி, அவற்றைச் சுற்றி வரும் கயோட்டி நரிகள், நடுவில் குறி தப்பாத ஒரு ரைஃபிள். புருஷன் லைல், எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிறேன் என்று வடக்கே போனவன், அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு பண்ணையைக் காப்பாற்றியது அவளும் அந்த ரைஃபிளும்தான். இதை அவளே சொல்வாள், வெட்கப்படாமல்.

அது அவளிடம் வந்தது இருபத்து மூன்றாம் வயதில். இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. பக்கத்துப் பண்ணை இங்வால்ட் கண் மங்கிப்போய், இனி வேட்டை வேண்டாம் என்று ஒதுங்கியபோது, சினையாக இருந்த இரண்டு ஆடுகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். கைகுலுக்கினார்கள், முடிந்தது. ரசீது கிடையாது. எங்கள் ஊரில் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் ரசீது கேட்பது அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம்.

ரசீது இல்லாததுகூடப் பரவாயில்லை. வெர்னா இன்னும் ஒரு படி மேலே போனாள். ரைஃபிளின் இரும்பில் பொறித்திருக்கும் எண்ணை அவள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அது மட்டுமா, வாங்கிய வாரமே அந்த எண்ணின் மேல் கறுப்பு டேப் சுற்றிவிட்டாள். டேப் நைந்துபோனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு புதிதாக ஒட்டுவாள். எனக்கே தெரியாததை யாரும் என் வாயிலிருந்து பிடுங்க முடியாது என்பது அவள் கட்சி.

இதைக் கிறுக்கு என்று சொல்பவர்கள், அவளுடைய பன்னிரண்டாம் வயதில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அரசாங்க மேய்ச்சல் நிலத்து அதிகாரி ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். "சும்மா ஒரு எண்ணிக்கைதான், வேற எதுக்கும் இல்லை" என்றார். அப்பா நம்பினார். எத்தனை ஆடு, எந்த மாதம் எந்தச் சரிவில் மேயும் என்று ஒளிக்காமல் சொன்னார். அதிகாரி அம்மா வறுத்த ஆட்டுக்கறியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அப்பா சொன்ன அதே எண்கள், அதே சரிவுகள். மேய்ச்சல் அனுமதியில் பாதியை வெட்டியிருந்தார்கள். "நானே என் வாயால குடுத்தேன்" என்று மட்டும் அப்பா சொன்னார். 

ஆகவே, பத்து வருஷத்துக்கு முன்னால் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டு, "உங்க துப்பாக்கி எண்ணை எங்ககிட்ட குடுத்து வைங்க, திருடு போனா கண்டுபிடிச்சுத் தர வசதி, கட்டாயமெல்லாம் இல்லை" என்றபோது முதலில் எழுந்தவள் வெர்னா.

"கட்டாயம் இல்லாத பட்டியல்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாதுங்க. முதல்ல பேரைக் கேப்பீங்க. அப்புறம் எண்ணைக் கேப்பீங்க. அப்புறம் பொருளையே கேப்பீங்க. எங்கப்பாவுக்கு நடந்துச்சு. எனக்கு நடக்காது."

மண்டபமே கைதட்டியது. கோதுமை போடுகிற டுவைட் நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினார். திட்டம் அன்றைக்கே செத்தது.

போன ஆகஸ்ட் கடைசியில், ஆடுகளுக்கு உப்புக்கட்டி வாங்க எங்கள் டவுன் வில்லோ ஃபோர்க்குக்குப் போனாள். ரைஃபிள் எப்போதும்போல் பிக்அப் வண்டியின் பின்கண்ணாடித் தாங்கியில் இருந்தது. வண்டியைப் பூட்டவில்லை. வில்லோ ஃபோர்க்கில் யாரும் பூட்டுவதில்லை, பூட்டினால் எங்களில் யாரைச் சந்தேகப்படுகிறாய் என்று கேட்பார்கள். உப்போடு திரும்பி வந்தாள். தாங்கி காலி.

மூன்றாவது வாரமே திருடன் அகப்பட்டான், மூன்று ரைஃபிள்களோடு. வெர்னா சந்தோஷமாகத்தான் ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போனாள். மீட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கிற ஜன்னலில் டானிகா என்ற பெண். இருபத்தைந்து வயது, மரியாதையான பிள்ளை. அவளுக்குப் பின்னால் மேசையில் ரைஃபிள் கிடந்தது.

"எண் சொல்லுங்க மேடம்."

"எண் தெரியாது. அடையாளம் சொல்றேன், கேட்டுக்க. கட்டையில இடது பக்கம் ஒரு செதில் பேந்திருக்கும், கிடா முட்டினது. தோள்ல வைக்கிற எடத்துல ரப்பர் கிடையாது. என் பழைய பூட்ஸ் தோலை வெட்டி ரெண்டு திருகாணி போட்டு முடுக்கியிருக்கேன். போய்ப் பாரு."

டானிகா போய்ப் பார்த்தாள். செதில் பெயர்ந்திருந்தது. பூட்ஸ் தோலும் இருந்தது.

"நீங்க சொன்னது எல்லாம் இருக்கு மேடம். ஆனா எண் வேணும். இல்லைன்னா ரசீது."

"அது என் பூட்ஸும்மா!"

"பூட்ஸுக்கு ரசீது இருக்கா மேடம்?"

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் வெர்னாவுக்கு இன்னும் எரிந்தது.

"மேல ஒரு டேப்பு ஒட்டியிருந்தேனே?"

"திருடன் உரிச்சுட்டான் மேடம். அவன் வாக்குமூலத்துல மூணு எண்ணும் சரியா இருக்கு."

திருடனுக்குத் தெரிகிறது, அரசாங்கத்துக்குத் தெரிகிறது, சொந்தக்காரிக்கு மட்டும் தெரியவில்லை. வெர்னா வண்டிக்குள் வந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு குத்து குத்தினாள்.

மற்ற இரண்டு ரைஃபிள்களும் அந்த வாரமே வீடு போய்ச் சேர்ந்தன. அதில் ஒன்று டுவைட்டினுடையது. இறைச்சி வைக்கிற ஃப்ரீசர் மூடியின் உள்பக்கம் எண்ணை எழுதி வைத்திருந்தாராம். கூட்டுறவுக் கடையில் வெர்னா அவரை வழிமறித்தாள்.

"நாற்காலி மேல ஏறிக் கைதட்டினியேய்யா!"

"தட்டினேன். வீட்டுக்குப் போனதும் பொண்டாட்டி எழுதி வைன்னா, எழுதி வெச்சேன்."

"அப்ப எதுக்குய்யா தட்டினே?"

"உன் பேச்சு நல்லா இருந்துச்சு வெர்னா, அதுக்குத்தான்."

ஆறு மாதத்தில் யாரும் தன்னுடையது என்று நிரூபிக்காத துப்பாக்கியை வியாபாரி மூலம் விற்றுவிடுவது எங்கள் மாவட்டத்து விதி. மார்ச் பதினான்கு கடைசி நாள் என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். எந்தக் காகிதத்திலும் பெயர் எழுதாத வெர்னா, ரைஃபிள் தன்னுடையதுதான் என்று மனு எழுதி, ஊர் ஊராகப் போய் நாற்பத்தோரு பேரிடம் கையெழுத்து வாங்கினாள். சாட்சிக் கையெழுத்து செல்லாது என்று மனு திரும்பி வந்தது. இரவல் துப்பாக்கி அவள் தோளுக்குப் பொருந்தவில்லை, குறி தப்பியது. அந்தக் குளிர்காலத்தில் பதினொரு ஆடுகளை நரி கொண்டுபோனது. வேறு ஒன்று வாங்கிக்கொள்ளேன் என்று சொன்னவர்களிடம் எரிந்து விழுந்தாள்: "என்னுது அங்க கெடக்குது. நான் எதுக்கு வாங்கணும்?"

இங்வால்ட் போய்ச் சேர்ந்து பல வருஷம். அவர் மனைவி சிக்னேக்கு எண்பத்தேழு வயது. ஜனவரிப் பனியில் நாற்பது மைல் வண்டியோட்டி அவளை ஜன்னலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள் வெர்னா.

"விக்கிறப்போ நீங்க கூட இருந்தீங்களாம்மா?" என்று டானிகா கேட்டாள்.

"இருந்தேனாவா? ரெண்டு ஆடு குடுத்தா இவ. அதுல ஒண்ணு மலடு."

"மலடில்ல சிக்னே, சினை ஆடுதான் குடுத்தேன்."

"சினைன்னு சொல்லித்தான் குடுத்தே. முப்பத்தெட்டு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். அந்த மனுஷன் வாயைத் தெறக்க விடல."

"அம்மா, துப்பாக்கியோட எண் ஞாபகம் இருக்கா?"

"ஆட்டுக் காதுல போட்ட குறி ஞாபகம் இருக்கு. சொல்லட்டுமா?"

டானிகா பாவம், அதையும் எழுதிக்கொண்டாள். ஒன்றுக்கும் உதவவில்லை.

மார்ச் பதினான்கு மதியம் வெர்னா கடைசியாக ஒரு முறை போனாள். அன்றைக்கு எல்டன் இருந்தான். துணை ஷெரீஃப். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளோடு படித்தவன். ஆறு மாதமாக அவளைக் கண்டால் பின்வாசல் வழியாக நழுவிக்கொண்டிருந்தவன், இப்போது அவனே கூப்பிட்டு உள் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான். ரைஃபிளை மேசைமேல் வைத்தான், எண் இருந்த பக்கம் மேலே தெரியும்படி. பக்கத்தில் ஒரு படிவம், ஒரு பேனா.

"காபி எடுத்துட்டு வரேன். மெஷின் ரொம்ப மெதுவா ஓடுது, பத்து நிமிஷம் ஆகும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அவன் என்ன செய்கிறான் என்று புரியாமல் இருக்க வெர்னா சின்னப் பிள்ளையா? கட்டையைத் தடவிப் பார்த்தாள்.  குனிந்து ஒரு வரி படித்து, அதைப் படிவத்தில் எழுதினால் சாயங்காலம் அது வண்டியில் இருக்கும். கண் அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது. அவள் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி எண்ணின் மேல் வைத்து மூடினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, ஆத்திரத்தில் கண்ணீர் வழிய, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எல்டன் இரண்டு கோப்பையோடு வந்தான். தொப்பியைப் பார்த்தான், காலிப் படிவத்தைப் பார்த்தான்.

"பாக்கலையா?"

"பாக்கல."

"ஏன் வெர்னா? உன்னுதுதானே? இது அடிச்ச மானை நானே எத்தனை தடவை தின்னிருக்கேன்!"

"என்னுதுன்னு உனக்குத் தெரியுமில்ல? அப்ப அதை எழுது. 'இது வெர்னாவோடது, எனக்குத் தெரியும்'னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"படிவத்துல அதுக்கு எடமில்லை."

"கதவைச் சாத்திக்கிட்டா மட்டும் எடம் வந்துருதா? டேய் எல்டன், இன்னைக்கு நீ நல்லவன், எனக்காகக் கண்ணை மூடிக்கிறே. நாளைக்கு உன் நாற்காலியில வேற ஒருத்தன் வருவான். அவனுக்கு என் மூஞ்சி பிடிக்கலைன்னா அவனும் கண்ணை மூடிக்குவான், வேற மாதிரி. இதைத்தான்டா நான் ஆயுசு பூரா வேணாம்னு கத்திக்கிட்டிருக்கேன். என் பொருளை எனக்கு நீ தயவு பண்ணிக் குடுக்காதே."

எல்டன் கோப்பைகளை டொக்கென்று வைத்தான். காபி மேசையில் சிந்தியது.

"உனக்கு உதவ வந்தேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும். வேலையே போயிருக்கும் எனக்கு, தெரியுமா? ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி உன் வீட்டுல, உன் பெட்டியில வெச்சிருந்தா யாரு வந்து கேட்டிருப்பா? உன் பிடிவாதத்துக்கு நாங்கல்லாம் முழிக்கணுமா?"

 அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டில் எழுதி வைத்திருக்கலாம். கேட்டால் கொடுக்காமல் இருந்திருக்கலாம். இந்த ஆறு மாதத்தில் தன்னைத்தானே எத்தனை முறை திட்டிக்கொண்டாள் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனால் அதற்காக இப்போது, சாத்திய கதவுக்குள், திருட்டுத்தனமாகத் தன் பொருளைத் தானே எட்டிப் பார்ப்பதா? முடியாது. செத்தாலும் முடியாது.

"கடைசியா கேக்கறேன்" என்றான் எல்டன். "அஞ்சு மணிக்கு வியாபாரி வண்டி வந்துரும்."

"வரட்டும்."

எல்டன் அவள் படிவத்தை எடுத்து மடித்துக் குப்பைக்கூடையில் போட்டான். இழுப்பறையிலிருந்து, வியாபாரியிடம் ஒப்படைப்பதற்கான வேறு ஒரு படிவம் எடுத்தான். தொப்பியை நகர்த்தி எண்ணைப் பார்த்து எழுதினான். வெர்னா சுவரைப் பார்த்தாள். ரகம், நீளம், கைப்பற்றிய தேதி என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நின்றுவிட்டான்.

"உரிமையாளர்னு ஒரு கட்டம் இருக்கு" என்றான். குரல் இறங்கியிருந்தது. "என்ன எழுதட்டும்?"

"உன் விதி என்ன எழுதச் சொல்லுதோ அதை எழுது."

அவன் குனிந்து, "உரிமையாளர் யாரெனத் தெரியவில்லை" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டான். வெர்னா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.