சத்தம் கேக்காத மெசினும் கயிறு படுற தலையும்

சலூன்ல வேலை செய்றவளுக்குக் கோவம் வரக் கூடாது; வந்தா ஒளிக்க இடமில்ல, எதிர்லயே கண்ணாடி இருக்கு. பதுளை டவுன்ல முடிக்குக் கலர் போடுற கடையில நின்னு நான் முழுங்குன கோவத்துல கொஞ்சத்த இங்க கொட்டுறேன். முதலாளிக்கும் கஸ்டமருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிற எல்லாருக்கும் இது புரியும்.

சூடே ஏறாத அயன்

எங்க மேடம் கொழும்புல இருந்து ஒரு மெசின் எறக்குனாங்க. பாக்க முடி நேராக்குற அயன் மாதிரித்தான் இருக்கும், ஆனா சூடாகாது. நம்ம காதுக்கு எட்டாத சத்தத்துல அதிர்ந்து, கலரையும் ப்ளீச்சையும் முடிக்குள்ள வெரசா எறக்குமாம். பேரு அல்ட்ராசோனிக். பழக்கிக் குடுக்க வந்த தம்பி நல்லாத்தான் சொன்னாரு: வெரசா எறங்குறதால ப்ளீச்சோட வீரியத்தயும் கொறைக்கணும், வைக்கிற நேரத்தயும் கொறைக்கணும்னு. மேடம் அப்ப போன்ல மெசின படம் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

மறுநாளே பழைய வீரியத்துல கலக்கச் சொன்னாங்க. அந்தத் தம்பி கொறைக்கச் சொன்னாரேன்னு மெதுவாத்தான் கேட்டேன். எனக்கு வந்த பதில், அட்சரம் பிசகாம: "மெசின வாங்குனது நானு. நீ புடிச்சுக்கிட்டு நின்னா போதும்."

சத்தம் வேணுமாம்

யாழ்ப்பாணத்துல இருந்து வந்து இங்க படிப்பிக்கிற டீச்சரம்மா ஒருத்தங்க நரைக்குக் கலர் போட வருவாங்க. மெசின தலையில வச்சதும், சத்தமும் இல்ல சூடும் இல்ல, ஏமாத்துறீங்களான்னு கேட்டாங்க. கேக்காத சத்தம் டீச்சர்னு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். நம்பல.

மேடம் என்ன செஞ்சாங்க தெரியுமா? முடி காய வைக்கிற டிரையர எடுத்து பக்கத்து மேசையில சும்மா ஓட விட்டாங்க. சுவத்தப் பாத்து அது கத்திக்கிட்டே கெடக்கு. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். டீச்சரம்மா நிம்மதியா சாஞ்சுக்கிட்டு சொன்னாங்க: "இப்பத்தான் பிள்ளை, ஏதோ வேலை நடக்குற மாதிரி கிடக்கு."

எல்லயில இருந்து வந்த புள்ள

சிரிக்கிற கதை அதோட முடிஞ்சுது. வெள்ளக்காரங்க சுத்திப் பாக்க வர்ற எல்ல டவுன்ல, ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில நிக்கிற புள்ள, முடியெல்லாம் தங்க நெறமா வேணும்னு வந்துச்சு. பழைய வீரியம், பழைய நேரம், அது மேல மெசினும். பாதியில கழுவிடலாம்னு சொன்னேன். மேடம் விடல. கழுவும்போது முடி ரப்பர் மாதிரி இழுபட்டு, கொத்துக் கொத்தா என் கையோட வந்துருச்சு.

என் கை சரியில்லன்னு மேடம் அந்தப் புள்ளகிட்டயே சொன்னாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுது. அந்தப் புள்ள அழக்கூட இல்ல. கண்ணாடியில என்னையே பாத்து கேட்டுச்சு: "நாளைக்கு என்னத்த வச்சுக்கிட்டு அக்கா நான் டூட்டியில நிக்கிறது?"

கயிறு படுற எடம்

அந்தக் கெட்ட பேர மறைக்க மேடத்துக்கு ஒரு வீடியோ தேவைப்பட்டுச்சு. ஸ்பிரிங்வெளி தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுக்குற செல்வமலர் அக்காவ, சும்மாவே செஞ்சு விடுறோம்னு சொல்லி வரவழைச்சாங்க. மக சடங்குக்கு நரைய மறைச்சா போதும்னு பாவம் காலையில பேர் குடுக்குற பெரட்டுக்குக்கூடப் போகாம, அன்னைக்கு வேலைய விட்டுட்டு அக்கா வந்திருந்தாங்க. மேடம் என்னடான்னா ப்ளீச் பண்ணி பொன் நெறத்துக்குக் கொண்டு வான்னு நிக்கிறாங்க.

துண்டப் போத்தி தலையப் பிரிச்சுப் பாத்தேன். கொழுந்துக் கூடையக் கயித்தால தலையில மாட்டி முதுகுல தூக்குறதால, கயிறு படுற உச்சியில முடி தேஞ்சு, குட்டை குட்டையா நிக்குது. எங்கம்மா தலையும் இப்படித்தான். அதுல ப்ளீச் பட்டா சடங்கு வீட்டுல அக்கா வழுக்கையோடதான் நிக்கணும். மாட்டேன்னுட்டேன். சூடே இல்லாத மெசின் என்ன செஞ்சுரும், முடியாட்டி வெளிய போன்னாங்க மேடம். அப்பவும் நான் அக்காகிட்ட நேராவே சொன்னேன்: "ப்ளீச் வேணாங்கா. இருக்கதும் போயிரும். கறுப்பு டை போதும்."

அக்கா கறுப்பே போதும்னாங்க. மேடம் விடுவாங்களா? டை எதுன்னாலும் பரவால்ல, வீடியோவுக்கு இது வேணும்னு, வெள்ளக்காரங்களுக்கு விக்கிற கடையில வாங்குன புதுக் கொழுந்துக் கூடை ஒன்ன உள்ள இருந்து தூக்கிட்டு வந்து, கயித்த அக்கா தலையில மாட்டப் போனாங்க. அக்கா கயித்தப் புடிச்சு நிறுத்தி, துண்ட மடிச்சு நாற்காலியில வச்சுட்டு எந்திரிச்சாங்க. கொரல்கூட ஒசரல: "கூடை தூக்கணும்னா மலையில தூக்கிக்கிறேன் மேடம். இங்க நான் தலைய மட்டுந்தான் கொண்டாந்தேன்."

அன்னைக்கு அக்கா பின்னாடியே நானும் எறங்கிட்டேன். இப்ப தோட்டத்துல எங்க லயத்து வீட்டுக் காம்பராவுல வச்சுத்தான் டை போடுறேன், கண்ணாடி கையளவுதான், கோவத்த ஒளிக்க எடம் தாராளமா இருக்கு, ஒளிக்கிற எண்ணந்தான் இல்ல.